நிரலும் நூலகமும் புணருமாறு

இரண்டு சொற்கள் கூடுமிடத்து நிகழும் மாற்றங்களை ஆராய்தற்கெனத் தனி இயல்களையே வகுத்துக்கொண்டது நம் தமிழ். ஒருவர் எழுதிய கணிப்பொறி நிரலும், பிறர் எழுதிவைத்த கணித நூலகமும் கூடுமிடத்தும் அத்தகைய ஆராய்ச்சி வேண்டப்படுகின்றது. அதனை ஒரு கணக்கின் வாயிலாக ஈண்டு விளக்குவாம்.

பூவிருந்தவல்லிக் கடைத்தெருவில் ஒருத்தி நான்கு மாம்பழங்களைக் கூறு கட்டுகின்றாள் என்க. நான்கையும் ஒரே கூறாக வைக்கலாம். மூன்றும் ஒன்றுமாக வைக்கலாம். இரண்டும் இரண்டுமாக, இரண்டும் ஒன்றும் ஒன்றுமாக, தனித்தனி நான்காக வைக்கலாம். ஆக வகைகள் ஐந்து. பழம் பத்தாயின் வகை 42. நூறாயின் 19,05,69,292. இங்ஙனம் விரைந்து பெருகும் இத்தொகையைக் காணும் வழியைத்தான், 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராய் அமர்ந்து, 1914இல் கேம்பிரிட்சு சென்ற இராமானுசன், ஹார்டியுடன் ஆராய்ந்து 1918இல் வெளியிட்டார். இருநூற்றுக்குரிய தொகையை அவர்தம் சூத்திரத்தின் எட்டு உறுப்புக்களைக் கொண்டு கணித்தபோது 39,72,99,90,29,388.004 என வந்தது. மக்மகான் என்பார் வேறொரு முறையாற் கையாலேயே கணித்த பட்டியலில் இருந்ததோ 39,72,99,90,29,388. புதிய சூத்திரத்திற்குப் பழைய பட்டியல் சான்றாயிற்று. பின்னர் 1937இல் ராடமாகர் அதனை முற்றும் துல்லியமான தொடராக்கினார்.

அச்சூத்திரத்தை இன்று யாரும் மீண்டும் எழுதவேண்டுவதில்லை. 'பாரி' என்னும் நூலகத்தில் அது 'நம்ப்பார்ட்' என்ற பெயருடைய செயற்கூறாக உறைகின்றது. பிரான்சு நாட்டுப் போர்தோ நகரப் பல்கலைக்கழகத்தில் ஆன்றி கோஎன் முதலியோர் 1980களில் இந்நூலகத்தைத் தொடங்கினர். பறம்புமலைப் பாரிக்கும் இதற்கும் உறவில்லை. பாஸ்கல் என்னும் நிரல்மொழியின் பெயரையும், ஞானி பாஸ்கல் கடவுளுண்மை பற்றிக் கூறிய பந்தயத்தையும் ஒருங்கே நினைந்து இட்ட சிலேடைப் பெயர் இது. ஆயினும், எவர்க்கும் விலையின்றி வழங்கப்படுதலின், வள்ளலின் பெயர் இதற்குப் பொருந்தாதெனக் கூற எனக்கு மனமில்லை.

இனி, அழைக்குமாறு. 'சி' மொழியில் எழுதிய நிரலைக் கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பி முழுதும் பொறிமொழியாக்குகின்றது. அப்போது 'நம்ப்பார்ட்' என்பது பொருள் விளங்காத வெறும் பெயராய் நிற்கும். பின்னர் லிங்கர் என்னும் இணைப்பி, ஏற்கெனவே பொறிமொழியாக்கப்பட்ட நூலகத்துள் அப்பெயரைத் தேடி இரண்டையும் பிணைக்கும். நம் நிரலை நிலைமொழியாகவும் நூலகத்தை வருமொழியாகவும் கொள்க. ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு: சி மொழியில் இணைப்பி நோக்குவது பெயரை மட்டுமே. என்ன வகை எண் உட்செல்லும், என்ன வகை வெளிவரும் என்பவற்றை நிரல்பெயர்ப்பிக்கு அறிவிப்பது, நிரலின் தலையிற் சேர்க்கும் 'ஹெடர்' என்ற அறிவிப்புக் கோப்பாகும்.

ஆவடியில் வாழும் என் பெரியப்பாவின் மகளார் பொறியியல் பயில்பவர். அம்பத்தூர்த் தொழிற்கூடம் ஒன்றில் வேலைக்குச் செல்லுமுன் பழகிக்கொள்ளவேண்டி இக்கணக்கையே நிரலாக எழுதினார். முதலில் நூலகத்தை எழுப்பி, அதற்கு வேண்டிய நினைவிடத்தை ஒதுக்கினார். இருநூறு என்பதை நூலகத்தின் எண்வடிவிற்கு மாற்றிக் கொடுத்தார். வந்த விடையைச் சி மொழியின் 'லாங்' வடிவிற்கு மாற்றி, 'இன்ட்' வகைக் கலமொன்றில் இட்டு அச்சிட்டார். பிழைச்செய்தி ஒன்றும் தோன்றவில்லை. திரையில் வந்த விடை 15,42,80,588.

அக்காள் அதனை உடனே நம்பினாரல்லர். "நூறு பழத்திற்கே பத்தொன்பது கோடி வகை, இருநூறுக்குப் பதினைந்து கோடியா?" என்று வினவினார். என்னை நேர்ந்தது? நூலகம் தந்த விடை சரியானதே. அவர் பொறியில் லாங் என்பது 64 இருமவிலக்கம் கொள்ளும் கலம். விடை அதில் அடங்கிற்று. இன்ட் என்பதோ 32 மட்டுமே கொள்வது. மேலிருந்த விலக்கங்கள் ஓசையின்றி உதிர்ந்தன. 429,49,67,296 என்னும் அளவை 925 முறை கழித்த மிச்சமே திரையில் நின்றது.

புணர்ச்சியிலும் கெடுதல் உண்டு. மரம் என்பதும் வேர் என்பதும் கூடி மரவேர் ஆகுமிடத்து மகரம் கெடுகின்றது, பொருள் கெடுவதில்லை. என்னெனில், ஆங்குக் கெடுவது இன்னது, கெடுமிடம் இன்னது என இலக்கணம் விதித்துள்ளது. பொறியின் கெடுதலோ பொருளையே மாற்றிவிட்டு, மாற்றியதை உரைப்பதுமில்லை. பழக்கணக்காதலின் இது நகைப்பிற்கு இடமாயிற்று. பாலத்தின் பாரமோ மருந்தின் அளவோ இவ்வாறு குறைந்து வந்து, அதுவும் நம்பத்தக்க எண்ணாகவே தோன்றுமாயின், கண்டறிவார் யார்? நூறுக்குரிய விடையை முன்னரே அறிந்திருந்தமையால் அக்காளுக்கு ஐயம் பிறந்தது.

இன்டை நீக்கி லாங் கலத்திலேயே வைத்திருப்பின் இருநூற்றுக்குரிய விடை பிழையின்றி வந்திருக்கும். ஆயிரம் பழம் என்றாலோ அக்கலமும் போதாது. ஆதலின் அக்காள் அம்மாற்றத்தையே கைவிட்டு, விடையை நூலகத்தின் எண்வடிவிலேயே நிறுத்தி, நூலகத்தின் அச்சிடும் செயற்கூற்றையே அழைத்தார். அவ்வடிவிற்கு இத்தனை இலக்கமென்னும் சிறுவரம்பு இல்லை; ஒதுக்கிய நினைவிடம் உள்ளமட்டும் நீளும். இருநூற்றை முதலிற் கொடுத்து மக்மகானின் எண்ணோடு ஒப்பிட்டார், ஒத்தது. பின்னர் ஆயிரத்தைக் கொடுத்தார். வந்த விடை முப்பத்திரண்டு இலக்கம் உடையது: 24061467864032622473692149727991.