இசை வகுத்தோர்

எட்டுத்தொகை நூல்களுள் இசைப்பாடல்களால் அமைந்தது பரிபாடல். அதன் 70 பாடல்களுள் இன்று முழுமையாகக் கிடைப்பவை 22. அவற்றுள் பெரும்பாலானவற்றின் இறுதியில் பாடிய புலவரின் பெயரோடு இசை வகுத்தவரின் பெயரும் பண்ணின் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. நல்லந்துவனார் வையையைப் பாடினார். அப்பாட்டிற்குப் பாலையாழ்ப் பண்ணில் இசை வகுத்தவர் மருத்துவன் நல்லச்சுதனார். 14ஆம் பாடலுக்குச் சொல்லும் இசையும் கேசவனார் ஒருவருடையனவே. அச்செய்தியும் விடுபடாமல் பதிவாகியுள்ளது. அவர்கள் வகுத்த இசையைக் கேட்கும் பேறு நமக்கு இல்லை. பெயர்கள் எஞ்சின.

பல கருவிகள் கூடி ஒலிக்கும் இசையில் இக்கணக்கு மேலும் நுட்பமாகிறது. மெட்டை ஆக்கியவர் ஒருவர். அதன் எப்பகுதியை எக்கருவி ஒலிப்பது என வகுப்பவர் மற்றொருவர். யாருடைய கை எங்கே பட்டது என்பதைக் காதால் மட்டும் அறிய இயலாது.

உருசிய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி, மறைந்த தம் நண்பர் ஹார்ட்மனின் ஓவியக் கண்காட்சியைக் கண்டு, 1874இல் ‘கண்காட்சியில் ஓவியங்கள்’ என்னும் படைப்பை இயற்றினார். அது பியானோ என்னும் ஒற்றைக் கருவிக்கு மட்டுமே எழுதப்பட்டது. இன்று உலகம் பெரிதும் அறிந்திருப்பதோ, பிரான்சு நாட்டு ராவெல் 1922இல் பெரிய இசைக்குழுவிற்கென அமைத்த வடிவத்தையே. தொடக்கத்தில் தனித்தொலிக்கும் டிரம்பெட்டும், பழங்கோட்டையைக் காட்டும் பகுதியில் இழையும் சாக்சபோனும் ராவெலின் தெரிவுகள். மெட்டோ முசோர்க்ஸ்கியுடையது. இவ்விரண்டையும் பிரித்தறியாது பாராட்டுவோர், ஒருவருக்குரிய புகழை மற்றவருக்கு அளித்தவராவர்.

இதில் மூன்றாம் கையும் உண்டு. முசோர்க்ஸ்கி 1881இல் மறைந்தபின், 1886இல் அப்படைப்பைத் திருத்தி வெளியிட்டவர் ரிம்ஸ்கி-கோர்சகோவ். மாட்டுவண்டியைச் சித்திரிக்கும் பகுதியை முசோர்க்ஸ்கி பேரொலியுடன் தொடங்கியிருந்தார்; வண்டி கண்முன்னே நிற்கிறது. பதிப்பாசிரியரோ அதனை மெல்லொலியில் தொடங்கிப் படிப்படியாக வளரச் செய்தார். நல்ல எண்ணத்தில் செய்த திருத்தமாகவே அது இருக்கலாம். எனினும் ஆக்கியவர் கருதியது அதுவன்று. அப்பதிப்பையே ராவெல் பின்பற்றினார். எனவே, தொலைவிலிருந்து வண்டி நெருங்கி வருவதாக அரங்கில் கேட்போர், அவ்வழகு முசோர்க்ஸ்கியின் கற்பனை என்றே கருதுகின்றனர். நிகழ்ச்சித்தாளில் வழக்கமாக அச்சாகும் பெயர்கள் முசோர்க்ஸ்கி, ராவெல் ஆகிய இரண்டே.