கொள்ளிடத்து மணலில் பழகு

அன்புள்ள கண்ணு,

பிளஸ் டூ முடித்த கையோடு தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரி ஆகிவிடப் போவதாக எழுதியிருக்கிறாய். லீவுக்கு லீவு கோயம்புத்தூர் வந்து என்னோடு ஆடப் பழகிய பெண் இவ்வளவு தூரம் யோசித்திருப்பது எனக்குப் பெருமைதான். ஆனாலும் இப்போது வேண்டாம் என்பேன்.

கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் 17 வயதிலேயே தொழில்முறைக்கு மாறவில்லையா என்று கேட்கிறாய். மாறினார். அதற்கு முன்பே, 2014-இல், ஆசிய விளையாட்டிலும் இளையோர் ஒலிம்பிக்கிலும் ஆடியிருந்தார். 2015 டிசம்பரில் ஐரோப்பிய மகளிர் டூருக்கான தகுதிப் போட்டியில் முதலிடம் பிடித்த பிறகுதான் தொழில்முறைக்கு வந்தார். அவர் வயதை மட்டும் பார்த்துவிட்டு இதையெல்லாம் விட்டுவிடாதே.

இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது. பெரும்பாலான போட்டிகளில் இரண்டாம் நாள் முடிவில் ‘கட்’ விழும். அதற்குள் வராதவர்களுக்குப் பரிசுப் பணத்தில் ஒரு ரூபாய்கூட இல்லை. நுழைவுக் கட்டணம், ரயில் டிக்கெட், ஹோட்டல் அறை, மட்டைப் பையைச் சுமக்கும் கேடியின் கூலி எல்லாம் கைக்காசு. நாலு போட்டி தொடர்ந்து இப்படிப் போனால் எவ்வளவு ஆகும் என்று அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் போடு. பெல் நிறுவன வேலையில் அவர் சேர்த்த பி.எஃப். பணத்தில் கைவைக்கும் நிலை வரக்கூடாது. திருச்சியில் கல்லூரிக்கா பஞ்சம்? ஹோலி கிராஸோ சீதாலட்சுமி ராமசாமியோ, ஒன்றில் சேர். அந்த மூன்று வருடமும் இந்திய கோல்ஃப் யூனியனின் அமெச்சூர் போட்டிகளில் ஆடு. தொழில்முறை என்று அறிவித்துவிட்டால் அவற்றில் ஆட முடியாது.

ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் போய்வர மைதானம் இல்லையே என்கிறாய். பார் 72 என்றால் அதில் 36 அடி, குழிக்கு இரண்டு வீதம், பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங்குக்கே ஒதுக்கியது. பாதி ஆட்டத்தை மொட்டைமாடியில் ஒரு விரிப்புப் போட்டுப் பழகலாம். பங்கர் என்கிற மணல் பள்ளத்திலிருந்து அடிக்கும் அடிக்கு உனக்குக் கொள்ளிடமே இருக்கிறது. மட்டை பந்தைத் தொடக்கூடாது. அதற்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலில் இறங்கி, அடியில் வழுக்கிப் போக வேண்டும். மேலே கிளம்புகிற மணல்தான் பந்தைத் தூக்கி வெளியே போடும். முதலில் பந்தே வைக்காதே. மணலில் ஒரு கோடு கிழித்து, மட்டை அந்தக் கோட்டிலேயே இறங்கும்வரை அடி. காய்ந்த மணலில் மட்டை புதையும், ஈர மணலில் எகிறும்; இரண்டிலும் பழகு. விடிந்ததும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ. மணல் அள்ளிய பள்ளங்களில் தண்ணீர் நிற்கும், அந்தப் பக்கமே போகாதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் அம்மா கேடியாகக் கூடவே நடக்க, அதிதி ஒரே ஒரு அடியில் வெண்கலத்தை விட்டார். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஏழு அடி முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கி, அன்று 77 அடித்து, வெள்ளியோடு திரும்பினார். அந்த மாலை அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அடுத்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் போய் ஆடினார். தோற்ற மறுநாள் காலையில் உன்னால் மட்டையைத் தொட முடிகிறதா என்று கவனித்து எனக்கு எழுது. தொழிலுக்கு வரலாமா என்பதை அதை வைத்துப் பேசுவோம்.

தூர அடிகளுக்கு மைதானம் வேண்டும்தான். பரீட்சை முடிந்ததும் இங்கே வந்துவிடு. செட்டிப்பாளையத்தில் ஆட ஏற்பாடு செய்கிறேன். ஸ்கோர் கார்டுகளை எடுத்து வா, மோசமாக ஆடியதையும் சேர்த்து. கல்லூரி விஷயத்தை உன் அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தை