தரங்கம்பாடி: அலையோரத்தில் ஒரு நடை

நுழையும் முன்

பங்காருபேட்டை கடலைக் காணாத ஊர். கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் உயரமான மேட்டுநிலத்தில் அது அமைந்துள்ளது. அதன் தொடர்வண்டிச் சந்திப்பிலிருந்து ஒரு கிளைப்பாதை கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்திற்குப் பிரிகிறது. முதன்மைப் பாதை கிழக்கே இறங்கிச் சென்னையை அடைகிறது. தங்கவயலின் சுரங்கங்களில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல. பொன்னோடு பழகிய அம்மண்ணின் மாணவர்க்கு, பொன்னேடு ஒன்றால் வரலாற்றில் இடம்பெற்ற கடலோர ஊர் ஒன்றை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

ஊரும் பெயரும்

தமிழ்நாட்டின் மயிலாடுதுறை மாவட்டத்தில், பூம்புகாருக்குத் தெற்கிலும் காரைக்காலுக்கு வடக்கிலும் அமைந்தது தரங்கம்பாடி. ‘தரங்கம்’ என்பது அலையைக் குறிக்கும் சொல். ‘பாடி’ என்பது ஊரைக் குறிக்கும். ‘அலைகள் பாடும் ஊர்’ என்றும் மக்கள் இப்பெயருக்கு நயம்படப் பொருள் கூறுவர். இங்குள்ள பழைய கல்வெட்டில் இவ்வூர் ‘சடங்கன்பாடி’ என்றும் ‘குலசேகரன்பட்டினம்’ என்றும் வழங்கப்பெற்றுள்ளது. ஐரோப்பியர் வாயில் இப்பெயர் ‘டிராங்குபார்’ எனத் திரிந்தது.

இவ்வூரின் சிறப்பு, அதன் வரலாற்றுச் சின்னங்கள் அனைத்தும் நடந்தே காணும் தொலைவில் நெருங்கி நிற்பது. ஏற்றமும் இறக்கமும் இல்லாத சமநிலம் ஆதலால் சிறுவரும் முதியோரும் களைப்பின்றி நடக்கலாம். ஒரு காலைப் பொழுதுக்குள் எழுநூறு ஆண்டுகளைக் கண்டு திரும்பலாம்.

நகர வாயிலும் அரசர் தெருவும்

நடை தொடங்கும் இடம் நகர வாயில். வெண்ணிறச் சுதை பூசிய இவ்வாயில் 1792இல் கட்டப்பட்டது. டென்மார்க் அரசரின் முத்திரையைத் தாங்கி நிற்கிறது. முற்காலத்தில் ஊரைச் சுற்றி மதில் இருந்தது. மதிலின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. வாயில் மட்டும் நிலைத்துள்ளது. ஊருக்குள் செல்லும் சாலை இன்றும் அதன் ஊடேதான் செல்கிறது.

வாயிலைக் கடந்ததும் அரசர் தெரு தொடங்குகிறது. நேராகக் கடலை நோக்கிச் செல்லும் இத்தெருவின் இருமருங்கிலும் தூண்கள் தாங்கிய தாழ்வாரங்களையும் உயர்ந்த சாளரங்களையும் கொண்ட பழைய கட்டடங்கள் உள்ளன. தெருவில் இரண்டு தேவாலயங்கள் உள்ளன. 1701இல் திறக்கப்பட்ட சீயோன் ஆலயம் டென்மார்க் நாட்டவரின் வழிபாட்டிற்காக எழுந்தது. 1718இல் திறக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் தமிழ்க் கிறித்தவர்க்காக எழுந்தது. ஒரே சமயத்தைச் சேர்ந்தவர்க்கு ஒரே தெருவில் இரண்டு ஆலயங்கள் எழுந்தமை அக்காலச் சமுதாயப் பிரிவினையையும் காட்டுகிறது.

மணலில் எழுதிப் பழகியவர்

புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டுவித்தவர் செருமனி நாட்டைச் சேர்ந்த சீகன்பால்கு. 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தம் நண்பர் புளுச்சோவுடன் இக்கடற்கரையில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது இருபத்து நான்குதான். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இருப்பிடத்திற்கே பள்ளியை மாற்றிக்கொள்ளுமாறு வேண்டி, சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். இரண்டே ஆண்டுகளில், தாம் தேடித் தொகுத்த தமிழ் ஏடுகளுக்கு ஓர் அட்டவணையையும் எழுதினார்.

பின்னர்த் தரங்கம்பாடிக்கு அச்சுப்பொறி வந்தது. செருமனியில் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை அளவில் பெரியவை. ஆதலால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. சிறிய எழுத்துகள் இவ்வூரிலேயே வார்க்கப்பட்டன. தாள் தட்டுப்பாட்டைத் தீர்க்க அண்மையிலுள்ள பொறையாற்றில் தாள் பட்டறை ஒன்றும் நிறுவப்பட்டது. 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சிட்டு முடிக்கப்பெற்றது. தமிழில் அச்சு நூல் அதற்கு நூற்று முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே, 1578இல் கொல்லத்தில் வெளிவந்துவிட்டது. எனினும் எழுத்து வார்ப்பும் தாள் செய்தலும் அச்சிடுதலும் ஓரிடத்தைச் சுற்றியே நிகழ்ந்தமை தரங்கம்பாடியின் பெருமை. சீகன்பால்கு 1719இல் மறைந்தார். அவர் கட்டுவித்த ஆலயத்திலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

கோட்டையும் பொன்னேடும்

தெரு முடியும் இடத்தில் பரந்த திடலும், அதனை அடுத்துக் கடலைப் பார்த்தவாறு டான்சுபோர்க் கோட்டையும் தோன்றுகின்றன. டென்மார்க்கின் கிழக்கிந்தியக் குழுமம் 1616இல் தொடங்கப்பட்டது. மிளகு முதலிய சரக்குகளை நாடி வந்த அதன் கப்பல்களுக்குக் கடற்படைத் தலைவர் ஓவ கெட்டே தலைமை தாங்கினார். தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கருடன் அவர் 1620இல் உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்படி இங்குக் கோட்டை எழுந்தது.

அவ்வாண்டில் இரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறித்தியானுக்குப் பொன்னேட்டில் ஒரு கடிதம் அனுப்பினார். தமிழில் பொறிக்கப்பட்ட அவ்வேடு கோபன்கேகனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. பனையோலை செல்லரிக்கும், தாள் மட்கும், பொன் துருப்பிடிப்பதில்லை. ஆயினும் உருக்கி அணிகலனாக்குவதற்கு எளிய பொருளும் பொன்னே. நானூறு ஆண்டுகளாக அவ்வேடு உருக்கப்படாமல் இருப்பதற்குக் காரணம், அதன் எழுத்தை அதன் எடையினும் மதிப்புடையதாகக் கருதியவர்கள் அதனைக் காத்தமையே ஆகும்.

கோட்டையின் கீழ்த்தளத்தில் பண்டசாலையும் சமையற்கூடமும் சிறையும் இருந்தன. மேல்தளத்தில் ஆளுநரும் அலுவலரும் வாழ்ந்தனர். கோட்டைத் தலைவரோடு ஏற்பட்ட முரண்பாட்டால் சீகன்பால்கு நான்கு திங்கள் இங்குச் சிறைவைக்கப்பட்டார். இன்று மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இக்கோட்டை அருங்காட்சியகமாக விளங்குகிறது.

1845இல் டென்மார்க் நாட்டவர் தரங்கம்பாடியையும் வங்காளத்திலிருந்த செராம்பூரையும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் குழுமத்திற்குப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு விற்றனர். 1861இல் நாகப்பட்டினத்தில் தொடர்வண்டிப் பாதை தொடங்கியபின் கடல் வாணிகம் அங்குத் திரும்பியது. பங்காருபேட்டை போன்ற ஊர்களை வளர்த்த அதே இருப்புப்பாதை தரங்கம்பாடித் துறையை ஓயச் செய்தது. பின்னாளில் மயிலாடுதுறையிலிருந்து இங்கு வந்த கிளைப்பாதையும் 1986இல் மூடப்பட்டது. வாணிகம் ஓய்ந்தமையால் ஊர் வளம் குன்றியது. பழைய கட்டடங்களை இடித்துப் புதியன எழுப்பும் வேகமும் அதனால் குறைந்தது. ஊரின் இழப்பே சின்னங்களுக்கு ஒருவகையில் காப்பாயிற்று.

கடல் கொண்ட மண்டபம்

கோட்டையிலிருந்து கரையோரமாக வடக்கே சிறிது நடந்தால் மாசிலாமணிநாதர் கோயிலை அடையலாம். பாண்டிய மன்னன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1306ஆம் ஆண்டளவில், எழுந்த சிவன் கோயில் இது. கட்டப்பட்டபோது கடல் இவ்வளவு அருகில் இல்லை. காலப்போக்கில் அலைகள் நெருங்கி வந்தன. கோபுரமும் முன்மண்டபங்களும் ஒவ்வொன்றாகக் கடலுள் சரிந்தன. எஞ்சிய பகுதி அண்மைக் காலத்தில் புதுப்பிக்கப்பட்டுள்ளது. அதன் முன்னே கருங்கற்பாறைகள் அலைதடுப்பாகக் குவிக்கப்பட்டுள்ளன.

கரை ஓரிடத்தில் நிலையாக நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திங்கள்களில் அலைகள் மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கு நோக்கி நகர்த்துகின்றன. ஆறுகள் கொண்டுவரும் வண்டல் இந்த இழப்பை ஈடுசெய்கிறது. வண்டல் குறைந்தாலோ மணலின் போக்கு தடைப்பட்டாலோ, கரை தேய்கிறது. பாறைகளைக் குவித்து ஓரிடத்தைக் காக்கும்போது, அடுத்த இடத்தில் அரிப்பு மிகுவதும் உண்டு. ஆகவே கரையைக் காத்தல் ஒரு சுவர் எழுப்புவதோடு முடியும் பணி அன்று.

ஆழிப்பேரலைக்குப் பின்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று காலை ஆழிப்பேரலை இவ்வூரைத் தாக்கியது. இங்கு நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். கரையோர மீனவர் குடியிருப்புகள் அழிந்தன. கோட்டை நின்றது, கோட்டையினும் கரைக்கு அருகில் வாழ்ந்த மனிதர் மாண்டனர். வரலாற்றுச் சின்னங்களைக் காண வருவோர் இவ்வுண்மையை மறத்தல் ஆகாது.

அப்பேரிடருக்குப் பின்னர் ஊரைச் சீரமைக்கும் பணிகள் நடைபெற்றன. பொற்கொல்லர் தெருவில் பாழடைந்து கிடந்த ஓட்டு வீடுகள் சிலவற்றை, கலை மற்றும் பண்பாட்டு மரபுக்கான இந்திய தேசிய அறக்கட்டளை பழைய முறையிலேயே புதுப்பித்தது. திண்ணையும் மரத்தூண்களும் உடைய அவ்வீடுகள் அரசரோ ஆளுநரோ வாழ்ந்தவை அல்ல. எளிய தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்தவை. திடலருகே உள்ள ஆளுநர் மாளிகையும் டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் துணையோடு சீர்செய்யப்பட்டது. கோட்டையைப் போலவே குடிசார் வீடும் வரலாறே என்பதை அத்தெரு உணர்த்துகிறது.

நடப்போர் கவனத்திற்கு

திசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலைப்பொழுது நடப்பதற்கு ஏற்றது. வெயில் ஏறுமுன் கரையோரப் பகுதியை முடித்துவிட்டு, நிழலுள்ள தெருக்களைப் பின்னர்க் காணலாம். அலைதடுப்புப் பாறைகள் வழுக்கும் தன்மையன. அவற்றின்மீது ஏறுதல் கூடாது. மணலில் உலரும் வலைகளை மிதித்தல் தவறு. அவை மீனவரின் வாழ்வாதாரம். பழஞ்சுவர்களில் பெயர் கிறுக்குவோர், நூற்றாண்டுகள் அழிக்காததை ஒரு நொடியில் அழிப்பவர் ஆவர்.

மேட்டுநிலத்திற்கு ஒரு செய்தி

தரங்கம்பாடியில் கோயிலின் முன்மண்டபம் போயிற்று, கோயில் காக்கப்பட்டது. மதில் போயிற்று, வாயில் காக்கப்பட்டது. காலம் எதனையும் தானாக விட்டுவைப்பதில்லை. எஞ்சியிருப்பவை யாவும் எவரோ ஒருவர் பேணியமையால் எஞ்சியவை.

இச்செய்தி கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக நிலத்துள் இறங்கியவை. 2001இல் அவை மூடப்பட்டன. தொழிலாளர் குடியிருப்புகளும், சுரங்க வாய்களும், கழிவுமண் மேடுகளும் அங்கு உழைத்தவர் வரலாற்றைத் தாங்கி நிற்கின்றன. அங்கே அலை இல்லை. ஆனால் மறதி உண்டு. கடற்கரையில் கற்ற நடையைச் சொந்த ஊரிலும் நடந்து பார்ப்பவரே இப்பாடத்தை முழுமையாகக் கற்றவர் ஆவார்.

சொற்பொருள்

தரங்கம் – அலை
சுதை – சுண்ணாம்புச் சாந்து
சாளரம் – பலகணி, சன்னல்
பண்டசாலை – சரக்குகள் வைக்கும் இடம்
வண்டல் – ஆறு கொண்டுவந்து படிய வைக்கும் மண்
ஆழிப்பேரலை – சுனாமி

மதிப்பீடு

அ) பிரித்து எழுதுக.
1. கடற்கரை 2. பொன்னேடு 3. கருங்கல் 4. பனையோலை

ஆ) சரியான விடையைத் தேர்ந்தெடுக்க.
1. இரகுநாத நாயக்கர் பொன்னேட்டில் கடிதம் அனுப்பிய ஆண்டு
(க) 1578 (ங) 1620 (ச) 1706 (ஞ) 1845
2. தாள் பட்டறை நிறுவப்பட்ட ஊர்
(க) பூம்புகார் (ங) காரைக்கால் (ச) பொறையாறு (ஞ) கொல்லம்

இ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ‘தரங்கம்பாடி’ என்னும் பெயரின் பொருள் யாது?
2. சீகன்பால்கு தமிழ் எழுத்துகளை எவ்வாறு கற்றார்?
3. அச்செழுத்துகளைச் சிறியனவாக வார்க்க வேண்டிய தேவை ஏன் ஏற்பட்டது?

ஈ) ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. கடற்கரை அரிக்கப்படுவது எவ்வாறு? அதனைத் தடுப்பதில் உள்ள சிக்கல் யாது?
2. “ஊரின் இழப்பே சின்னங்களுக்கு ஒருவகையில் காப்பாயிற்று” – விளக்குக.

உ) விரிவாக எழுதுக.
ஆழிப்பேரலைக்குப் பின் கோட்டையையும் எளியோர் வீடுகளையும் பேண நிதி தேவைப்படுகிறது. ஒன்றுக்கு மட்டுமே நிதி உள்ளது. எதனை முதலில் பேணுவது தக்கது? காரணங்களுடன் ஒரு பக்க அளவில் எழுதுக.

ஊ) செயல்பாடு
உங்கள் ஊரில் அரை மணி நேரத்தில் நடந்து காணக்கூடிய ஐந்து பழைய இடங்களைத் தேர்ந்தெடுங்கள். அவற்றை இணைக்கும் வழிப்படம் வரைந்து, ஒவ்வோரிடத்தைப் பற்றியும் வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு அறிந்த செய்தியை இரண்டு தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.