வாயில் கடந்த நூலகம்

திண்டுக்கல் என்றவுடன் நம் நினைவிற்கு வருவன இரண்டு. ஒன்று, நகரில் ஓங்கி நிற்கும் மலைக்கோட்டை. மற்றொன்று, அந்நகர்த் தொழிலாளர் கையால் செய்யும் பூட்டு. அப்பூட்டிற்கு 2019 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. நல்ல பூட்டின் இலக்கணம் யாது? உரிமை இல்லாதவனைத் தடுப்பது மட்டுமன்று. உரிமை உடையவனுக்குத் தடையின்றித் திறப்பதும் அதன் கடமையே. உரியவனையும் வெளியே நிறுத்தும் பூட்டு, பழுதுற்ற பூட்டாகும். நூலகங்களின் வாயிலிலும் இத்தகைய பூட்டு ஒன்று உண்டு. அது திறக்கப்பட்ட வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

முற்கால ஐரோப்பாவில் நூல்களை இரும்புச் சங்கிலியால் அடுக்குகளோடு பிணைத்து வைத்தனர். நூல் காக்கப்பட்டது, ஆனால், படிப்போர் அதைத் தேடி வரவேண்டியிருந்தது. இந்நிலை மாறவேண்டும் என்று நம் நாட்டில் உழைத்தவருள் தலையாயவர் சீர்காழியில் 1892 ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். இரங்கநாதனார். சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகராக 1924 ஆம் ஆண்டு பொறுப்பேற்ற அவர், நூலக இயலுக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931 ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒவ்வொருவருக்கும் அவருக்கு வேண்டிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பதும், படிப்பவரின் காலம் வீணாகாது காத்தல் வேண்டும் என்பதும் அவ்விதிகளுள் அடங்கும். அதே ஆண்டில் மன்னார்குடியை அடுத்த சிற்றூர்களுக்கு மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி அனுப்பும் பணியைக் கனகசபைப் பிள்ளை என்பார் தொடங்கினார். நூலகம் தன் வாயிலைக் கடந்து ஊர்வழி நடந்தது. பின்னர் 1948 ஆம் ஆண்டில் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டமும் பிறந்தது.

இன்று ஆராய்ச்சி இதழ்களுள் மிகப் பல, தாளில் மட்டுமன்றிக் கணினி வழியாகவும் வெளிவருகின்றன. அவற்றைத் தொகுத்து வைத்திருக்கும் இடத்தைத் தரவுத்தளம் என்பர். கல்வி நிலையங்கள் பெரும்பொருள் கொடுத்து, அதனைப் பயன்படுத்தும் உரிமையைப் பெறுகின்றன. ஆயின், மாட்டு வண்டி தேவையற்ற இக்காலத்திலும் ஒரு தடை எழுந்தது.

திண்டுக்கல்லுக்குத் தெற்கே, சின்னாளபட்டியை அடுத்துக் காந்திகிராமம் உள்ளது. டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரனாரும் 1947 ஆம் ஆண்டில் நிறுவிய இடம் அது. அங்கு 1956 ஆம் ஆண்டில் தோன்றிய கிராமியக் கல்வி நிலையம், இன்று நிகர்நிலைப் பல்கலைக் கழகமாக விளங்குகின்றது. அத்தகைய கல்வி நிலையம் ஒன்றில், தோல் பதனிடும் ஆலைக் கழிவினால் நிலத்தடி நீர் கெடுவதைப் பற்றி ஒரு மாணவி ஆராய்வதாகக் கொள்வோம். கல்வி நிலையக் கணினியில் கேட்கும் கட்டுரை உடனே கிடைக்கிறது. விடுமுறையில் நிலக்கோட்டையை அடுத்த தன் ஊருக்குச் சென்று அதே கட்டுரையைக் கேட்கிறாள். "பணம் செலுத்துக" என்னும் விடையே வருகிறது. மாணவி அவளே, உரிமையும் அதுவே. பின் ஏன் இத்தடை?

இணையத்தில் இணையும் கணினிகளுக்கு முகவரி எண் உண்டு. கல்வி நிலையம் தன் எண்களைப் பதிப்பகத்தாரிடம் முன்னரே கொடுத்திருக்கும். அவ்வெண்ணிலிருந்து வரும் வேண்டுகோளுக்குக் கதவு திறக்கும். பிற எண்ணுக்குத் திறவாது. அதாவது, அப்பூட்டு ஆளை அறிவதில்லை. அவர் நிற்கும் இடத்தையே அறிகிறது.

இத்தடையை நீக்கும் கருவிகளுள் ஒன்று ப்ராக்ஸி சர்வர். தமிழில் பதிலிச் சேவையகம் எனலாம். மாணவி தன் பெயரையும் கடவுச்சொல்லையும் நூலகத்தின் பக்கத்தில் தருகிறாள். அவள் நம் மாணவியே என்று நூலகம் தெளிந்தபின், பதிலிக் கணினி அவள் பொருட்டுத் தானே சென்று கட்டுரையைக் கேட்கிறது. கேட்பது கல்வி நிலையத்தின் எண் ஆதலால் கதவு திறக்கிறது. பெற்றதைப் பதிலி அவளிடம் சேர்க்கிறது. வீட்டிற்கு வர இயலாதவருக்காகக் கடைக்குச் சென்று, தம் பொறுப்பில் பொருள் வாங்கி வந்து தரும் அண்டை வீட்டுப் பெரியவரின் செயல் போன்றது இது. இப்பணிக்கெனப் பெரிதும் பயன்படும் ஈசிப்ராக்ஸி என்னும் மென்பொருளை 1999 ஆம் ஆண்டில் ஆக்கியவர், அமெரிக்க நாட்டுக் கல்லூரி நூலகர் கிறிஸ் சாகர். படிப்போரின் இடர் அறிந்த ஒரு நூலகரே அதற்குத் தீர்வும் கண்டார் என்பது கருதத்தக்கது.

நம் நாட்டில் காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் நிலையம் வேறு வழிகளையும் அமைத்துள்ளது. அந்நிலையத்தின் என்-லிஸ்ட் திட்டம் 2010 ஆம் ஆண்டு முதல் கல்லூரி மாணவர்க்குத் தனித்தனிக் கடவுச்சொல் வழங்கி, எங்கிருந்தும் படிக்க உதவுகிறது. 2025 சனவரி முதல் நாள் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின் வாயிலாக, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிலையங்களுக்குத் திறக்கப்பட்டன. மூன்று ஆண்டுகளுக்கென அரசு ஒதுக்கிய தொகை 6,000 கோடி ரூபாய்.

இவ்வழிகளின் அருமையை 2020 ஆம் ஆண்டு உலகிற்கு உணர்த்தியது. கொரோனாத் தொற்றினால் மார்ச் மாதத்தில் கல்வி நிலையங்கள் அடைக்கப்பட்டன. அடுக்குகளில் நூல்கள் இருந்தன, எடுப்பார் இல்லை. தொலைவிலிருந்து படிக்கும் வசதி பெற்றவர்க்கே கற்றல் தொடர்ந்தது.

உரிமை உள்ள இடத்தில் கடமையும் உண்டு. ஒரு மாணவன் தன் கடவுச்சொல்லைப் பிறருக்குக் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை ஒரே இரவில் வாரிக்கொண்டால், பதிப்பகத்தார் ஐயுற்று அந்தப் பதிலியின் வழியையே அடைத்துவிடுவர். பதிலி அனைவர்க்கும் பொதுவாதலின், ஒருவன் பிழையால் அனைவரும் வெளியே நிற்பர். தன் மீது வைத்த நம்பிக்கையைக் காப்பாற்றுவோனே நூலகத்தின் நண்பன்.

பதிலி திறப்பது கல்வி நிலையத்தைச் சார்ந்தவர்க்கே என்பதையும் மறத்தல் ஆகாது. தன் கிணற்று நீர் ஏன் கெட்டது என்று அறிய விரும்பும் உழவர்க்கு அக்கதவு திறவாது. இக்குறையை உணர்ந்தோர், யாவரும் விலையின்றிப் படிக்கும் வகையில் அறிவைப் பரப்ப முயல்கின்றனர். இந்தியப் பல்கலைக் கழக ஆய்வேடுகளைத் தொகுத்துத் தரும் சோத்கங்காவும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகமும் அத்தகையன. அவற்றை நீங்கள் இன்றே படிக்கலாம். திறவுகோல் எதுவும் வேண்டுவதில்லை.

சங்கிலியை அறுத்தோர் ஒரு காலத்தினர். வண்டியை ஓட்டினோர் மற்றொரு காலத்தினர். பதிலியை அமைத்தோர் நம் காலத்தினர். உழவர்க்கும் அக்கதவைத் திறக்கும் பணி எஞ்சியுள்ளது. அதனைச் செய்து முடிக்கும் பொறுப்பு, மாணவர்களே, உங்களுடையது.

பயிற்சி

1. நல்ல பூட்டின் இலக்கணமாக இப்பாடம் கூறுவது யாது?
2. விடுமுறையில் ஊருக்குச் சென்ற மாணவிக்குக் கட்டுரை கிடைக்காமைக்குக் காரணம் என்ன?
3. பதிலிச் சேவையகம் பணிபுரியும் முறையை உங்கள் சொற்களில் விளக்குக.
4. கடவுச்சொல்லைப் பிறர்க்குக் கொடுத்தல் ஏன் தவறு?