சன்னல் பட்டைக்கு ஒரு பெயர்

புதுச்சேரி நெல்லித்தோப்பிலிருந்து சைக்கிளை மிதித்தால் சற்று நேரத்தில் வைசியாள் வீதி வந்துவிடும். பழைய வீட்டு முகப்புகளை, பாரம்பரியத்தைக் காக்கும் இன்டாக் அமைப்பு மீட்டெடுத்த வீதி. கீழ்த்தளத்தில் திண்ணையும் தாழ்வாரமும். மாடியில் பிரெஞ்சு பாணிச் சன்னல்கள், சாய்வான மரப்பட்டைகள் அடுக்கிய கதவுகளோடு. கட்டட வரைபடத்துக்கான ரெவிட் மென்பொருளைக் கற்றுக்கொண்டு வேலை தேடும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: அந்தச் சன்னல்களில் ஒன்றை அளந்து வந்து ஃபேமிலியாக, அதாவது ரெவிட்டில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் உறுப்பாக, செய்து பாருங்கள்.

செய்ததும் சிக்கல் தெரியும். 1:20 அளவில் ஒவ்வொரு பட்டையும் தெளிவாக நிற்கும். அதே முகப்பை 1:100-ல் அச்செடுத்தால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, சன்னல் கருந்திட்டாகிவிடும். உடனே பட்டையில்லாத இன்னொரு ஃபேமிலியைச் செய்யத் தோன்றும். வேண்டாம், ஒரே சன்னல் இரண்டு பெயரில் அட்டவணையில் ஏறி, தச்சருக்குப் போகும் எண்ணிக்கையே பிசகும்.

ஃபேமிலிக்குள் மேனேஜ் டேபில் ஆப்ஜெக்ட் ஸ்டைல்ஸைத் திறந்து, விண்டோஸ் வகையின் கீழ் பட்டைக்கென்று ஒரு சப்கேட்டகரி உருவாக்குங்கள். பட்டைகளைத் தேர்ந்து, புராப்பர்ட்டீஸில் அந்தப் பெயரைக் கொடுங்கள். சன்னலில் கம்பி இருந்தால் அதற்கும் அப்படியே. புரொஜெக்டில் ஏற்றியபின், 1:100-க்கான வியூ டெம்ப்ளேட்டில் பட்டைக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்தால் போதும். நிலை இருக்கும், கண்ணாடி இருக்கும், பட்டை மட்டும் மறையும். மெட்டீரியலை 'பை கேட்டகரி' என்று விட்டிருந்தால் இன்னொரு வசதி: வீட்டுக்காரர் வண்ணத்தை மாற்றச் சொன்னால் ஓரிடத்தில் மாற்றலாம், எல்லாச் சன்னலும் மாறும்.

கோர்ஸ், ஃபைன் என்ற டீடெயில் லெவலிலேயே இதை மறைக்கலாமே என்பார்கள். மறைக்கலாம். ஆனால் அது ஃபேமிலி செய்தவர் எடுத்த முடிவு. சப்கேட்டகரி இருந்தால் வரைபடம் போடுபவர் கையில் முடிவு இருக்கும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

அலுவலகத்தில் உண்மையான தலைவலி பெயர்தான். பட்டையை ஒருவர் 'லூவர்' என்பார், ஒருவர் 'லூவர்ஸ்', மூன்றாமவர் 'ஷட்டர் லூவர்'. ஃபேமிலியோடு பெயரும் புரொஜெக்டுக்குள் வந்துவிடும். மூன்று வரிசை, மூன்று கோட்டுத் தடிமன். ஒன்றை அணைத்தால் மற்ற இரண்டும் அச்சில் நிற்கும். ஒரு முறை வாடிக்கையாளர் முன் தாளை விரித்த பிறகுதான் நான் இதைப் பார்த்தேன். அன்று பட்ட சங்கடம் இன்னும் மறக்கவில்லை. புரொஜெக்டில் அழித்தாலும் ஃபேமிலியை மறுபடி ஏற்றினால் பழைய பெயர் திரும்பிவிடும். திருத்துவதானால் ஃபேமிலிக்குள் போய்த்தான் திருத்த வேண்டும். எழுத்து மாறாமல் ஒரே பெயர் இருந்துவிட்டால் புரொஜெக்டில் ஏற்கெனவே உள்ள அமைப்பே செல்லும். யார் செய்த சன்னல் வந்தாலும் வரைபடம் கலையாது.

ஆகவே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அந்த அலுவலகத்தின் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் நீங்களே ஒரு பக்கத்தில் எழுதி மூத்தவரிடம் காட்டுங்கள். நேர்காணலுக்குப் போகும்போது அந்த வைசியாள் வீதிச் சன்னலை 1:20, 1:100 இரண்டிலும் அச்செடுத்து, ஒரே ஃபேமிலி என்று சொல்லி மேசையில் வையுங்கள்.