நாதஸ்வரத்தின் சுருதி ஏன் ஏறியது?

கேள்வி: அப்பா பத்திரமாக வைத்திருந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ டிவிடியை, புதிதாக வாங்கிய 55 அங்குல 4கே டிவியில் போட்டுப் பார்த்தோம். முகங்கள் அகலமாகத் தெரிகின்றன. படம் மங்கல். நாதஸ்வரம் கீச்சென்று கேட்கிறது. உறையில் 5.1 என்று வேறு போட்டிருக்கிறது. கோளாறு டிவியிலா, டிஸ்கிலா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டிலும்தான். டிவியில் உள்ளதை இப்போதே சரிசெய்துவிடலாம்.

1968இல் வந்த இந்தப் படத்தின் சட்டம் ஏறக்குறைய 4:3. தமிழில் சினிமாஸ்கோப் வந்ததே 1973இல், ‘ராஜராஜ சோழன்’ படத்தோடுதான். உங்கள் டிவி 16:9. அதனால்தான் முகங்கள் இழுபடுகின்றன. ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 என்று மாற்றுங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். அதை நிரப்ப ‘ஜூம்’ போட்டால் மேலும் கீழுமாகக் கால் பங்கு படம் வெட்டுப்படும். பத்மினி ஆடும்போது பாதங்கள் தெரியாமல் போனால் அப்புறம் அது என்ன நாட்டியம்?

மங்கலுக்கு வருவோம். டிவிடியின் ஒரு சட்டத்தில் அதிகபட்சம் 720×576, அதாவது நான்கு லட்சம் புள்ளிகள். 4கே திரையில் எண்பது லட்சத்துக்கும் மேல். மீதியை டிவி தானாகவே இட்டு நிரப்புகிறது. ‘ஷார்ப்னஸ்’ அளவைக் குறைத்தால் ஓரங்களில் தெரியும் வெள்ளைக் கோடுகளாவது மறையும். டிஸ்க் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பது இதைவிட முக்கியம். அசல் நெகட்டிவிலிருந்து எடுத்திருந்தால் டிவிடியிலேயே துணியின் ஜரிகை தெரியும். தியேட்டர்களில் ஓடித் தேய்ந்த பிரிண்டிலிருந்தோ வீடியோ டேப்பிலிருந்தோ எடுத்திருந்தால் எந்த டிவியாலும் மீட்க முடியாது. அக்கால ஈஸ்ட்மென் கலர் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுக்கும். படம் முழுக்கச் செம்மை ஏறிவிடும்.

இனி நாதஸ்வரம். சினிமா நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். ‘பால்’ முறை வீடியோ 25. அந்த முறையில் மாற்றும்போது படத்தைச் சற்று வேகமாக ஓட்டிவிடுவார்கள். மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிடம் முன்னதாக முடியும். சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும். மதுரை எம்.பி.என். சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த சுருதி அதுவல்ல. உங்கள் டிஸ்க் இப்படி எடுக்கப்பட்டிருந்தால் கணினியில் விஎல்சி போன்ற பிளேயரில் வேகத்தை 0.96 ஆக்குங்கள். சுருதி மாறாமல் காக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். வாத்தியம் தன் இடத்துக்கு இறங்கிவிடும்.

உறையில் உள்ள 5.1 உங்களை மயக்க வேண்டாம். இந்தப் படத்தின் அசல் ஒலி ஒற்றைத் தடம், மோனோ. அதை ஆறாகப் பிரித்து எதிரொலி சேர்த்தால் வசனம் பின்னுக்குப் போய்விடும். ‘ஆடியோ’ பொத்தானை அழுத்திப் பாருங்கள்; மோனோ தடம் இருந்தால் அதையே வையுங்கள்.

நாளை சீரமைத்த பதிப்பு வந்தால் கட்டாயம் வாங்குங்கள். ஆனால் அப்பாவின் டிஸ்கைத் தூக்கிப் போடாதீர்கள். புதுப் பதிப்புகளில் காட்சிகள் வெட்டுப்படுவதும், மோனோ தடம் விடுபடுவதும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது கையில் இருக்க வேண்டும்.