ஒரு கல்லில் இரு தெய்வம்

கெமர் மக்களின் தொன்மைச் சிற்பங்களுள், 7ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அரிகரன் உருவொன்றை ஈண்டு நோக்குவோம். கம்போடியாவின் தென்பகுதியிலுள்ள புனோம் தா குன்றில் கிடைத்தது இது. அரிகரனை முடிகொண்டே அறியலாம்: வலப்பாதி சிவனுக்குரிய சடை, இடப்பாதி திருமாலுக்குரிய நீள்முடி. இவ்வகை உருவங்கள் சிலவற்றில் நெற்றிக்கண்ணும் பாதியே! நீட்டிய கைகள் முறியாதிருக்க, அதே கல்லில் வளைவொன்றைத் தாங்கலாக விட்டுச் செதுக்குவது அக்காலச் சிற்பியர் பலரின் வழக்கம்.

கையைக் காக்க இத்துணைக் கருத்துடையோர் படைத்த மரபில் தலையே பிரிந்துபோனதை என்னென்பது? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வுருவின் தலை பிரான்சுக்குச் சென்றது. உடல் கம்போடியாவில் தங்கிற்று. பாதுகாப்புக்காக எடுத்துச் சென்றனர் என்பாருளர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. பாரிசின் கீமே அருங்காட்சியகம் தலையை அனுப்பிவைக்க, 2016 சனவரியில் புனோம்பென் தேசிய அருங்காட்சியகத்தில் அஃது உடலோடு பொருத்தப்பெற்றது.